சத்தம் கேட்டால்தான் சாகும் புலி

வீடியோ பார்த்துச் சமைப்பவர்கள் மிஞ்சிப்போனால் ஒரு குடும்பத்தின் வயிற்றைத்தான் கெடுப்பார்கள். வீடியோ பார்த்துத் துப்பாக்கி நிபுணர் ஆனவன் ஒரு தோட்டத்தின் வரலாற்றையே கெடுத்துவிடுவான். அந்த நிபுணர் அடியேன்தான்.

நிஜத் துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை. (நம் நாட்டில் தொட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர் யார்?) ஆனால் குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு, குச்சியால் இடித்து இறுக்கிச் சுடும் பழங்கால வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் கைப்பேசியில் பேசியதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த மருந்துக்கு எந்தக் குண்டு பொருந்தும், குண்டைச் சுற்றும் துணியை ஏன் எச்சிலில் நனைக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் சொந்தத் தொழிலான ஏர்கோன் ரிப்பேரைத் தவிர உலகத்தில் எல்லாம் தெரிந்த வயது அது.

மலாக்கா பக்கம் செலண்டாரில் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவுக்கு, பழைய மாணவர்கள் சேர்ந்து நாடகம் போட்டோம். தோட்டம் உருவான கதை. காட்டை வெட்ட வந்த துரை, ஜனங்களை மிரட்டும் புலியைச் சுட்டுக் கொல்வார். எழுதி இயக்கியவர் சரோஜா டீச்சர். துரை நான். புலி, முனியாண்டி மாமா.

முனியாண்டி மாமா, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஈ காக்கை இல்லாத சாலையிலும் சிவப்பு விளக்கு மாறும்வரை லோரியை அசைக்க மாட்டார். அவர் மகள் கவிதாவைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். கவிதாவுக்கும் சம்மதம். அம்மா ஜாடையாகப் போய்க் கேட்டதற்கு மாமா சொன்ன பதில் இது:

"ஏர்கோன் சர்வீஸ் பண்றேன்னு வந்து என் மெத்தையில மழை பேய வச்சான் ஒங்க மவன். இந்தத் துப்பாக்கியையாச்சும் ஒழுங்கா செய்யறானான்னு பாப்போம். நாடகம் முடியட்டும், பதில் சொல்றேன்."

ஆக, புலி விழுந்தால் எனக்குக் கல்யாணம். விழாவிட்டால் நான் விழுந்தேன்.

"சுடுறப்ப மேளத்துல ஓர் அடி அடிச்சா போதும்டா குமார்" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். பொகை வரணும், குண்டு பாயணும். அப்பதான் ஒரிஜினல்."

(வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்தான் துப்பாக்கி. பின்னால் பிடிக்கும் கட்டைக்குள் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு. அதைத் தள்ளினால் காற்று போய் மாவைப் புகையாகவும் குண்டைக் குண்டாகவும் வெளியே தள்ளும். மாமாவின் புலிச் சட்டையில் நெஞ்சுக்கு நேரே ஓர் ஓட்டை, அதற்குள் சில்வர் தட்டு. குண்டு பட்டு 'டிங்' என்றதும் மாமா செத்து விழ வேண்டும்.

"சத்தம் கேட்டாத்தான் சாவேன்" என்றார் மாமா. "கேக்காம சாவ மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மருந்து வாங்க மலாக்காவுக்குப் போனேன். பழைய டவுனில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் பாய்.

"மாவு வேணும் பாய். லேசா ஊதுனா மேகம் மாதிரி கெளம்பணும்."

"பலகாரத்துக்கா தம்பி, பூசைக்கா?"

"துப்பாக்கிக்கு பாய்."

பாய் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, நான் புள்ளகுட்டிக்காரன் லா" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவர் குஷியாகிவிட்டார். கடையில் இருந்த மாவையெல்லாம் உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதிக் காட்டினார். வெளியே வரும்போது இருவரும் இட்லிக்கு ஊறப்போடலாம் போல வெளுத்திருந்தோம்.

வீட்டுக் கொல்லையில் ஆராய்ச்சி தொடங்கியது. அரிசி மாவு கனம், என் காலிலேயே கொட்டியது. முகப்பவுடர் அருமையாகப் பறந்தது, ஆனால் புலி வேட்டையில் பிள்ளை பெற்ற வீட்டு வாசனை வந்தது. திருநீறு போல ஒரு மருந்து உலகத்தில் கிடையாது. ஆனால் அம்மா கரண்டியோடு வந்துவிட்டார். கடைசியில் சோள மாவு ஜெயித்தது. குண்டில், கொண்டைக்கடலைக்கு மூக்கு இருப்பதால் போகிற வழியில் திரும்பிவிடுகிறது. காய்ந்த பட்டாணி நல்ல உருண்டை. அதை நனைத்த துணியில் சுற்றி இறுக்கிச் சுட்டேன். அம்மாவின் முறுக்கு டின் மூடி 'டிங்' என்றது! மறுபடி சுட்டேன், மறுபடி 'டிங்'! கொல்லையில் நான் போட்ட ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலி தாண்டின. மனத்துக்குள் தாலியே கட்டிவிட்டேன்.

விழா நாள் வந்தது. கடைசி நேரத்தில் பதற்றம் வேண்டாமே என்று, மகா புத்திசாலியான நான் காலையிலேயே துப்பாக்கியில் மாவு போட்டு, துணியைத் தாராளமாகவே நனைத்து, பட்டாணியை இடித்து இறுக்கி வைத்தேன். நாடகம் சாயங்காலம். ஈர மருந்து வெடிக்காது என்று அந்தத் தாத்தா தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார். அது நிஜ மருந்துக்கு மட்டும் என்று நினைத்துவிட்டேன்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. புலி உறுமியபடி வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் பெண்ணாக வேடம் போட்ட கவிதா, வாளியோடு ஓரமாக நடுங்கி நின்றாள். நான் குறி பார்த்தேன். பம்பைத் தள்ளினேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தள்ளினேன். 'புஸ்' என்று கட்டைக்குள் ஒரு பெருமூச்சு. சோள மாவும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சூப்பு வைக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். குழலுக்குள் கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன்.

புலி இன்னொரு சுற்று உறுமியது. திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர், "செத்துப்போங்க மாமா!" என்று கெஞ்சினார்.

"சத்தம் கேக்கல!" என்றது புலி, மைக் இல்லாமலேயே மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

நான் வெறிபிடித்தவன் போல பம்பைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். லோரிக்காரப் புலிக்குப் பொறுக்கவில்லை. இரண்டு காலில் எழுந்து நடந்து வந்து, குழலின் வாயைப் பார்த்து, "அடச்சிருக்கு லா" என்றது.

'தொப்!'

மாமாவின் முகத்தில் மீசை வரைக்கும் வெள்ளைக் கஞ்சி. நெற்றி நடுவில் பட்டாணி, பொட்டு மாதிரி. மாமா விழவில்லை. தட்டில் படவில்லையே! கஞ்சி சொட்டச் சொட்ட நின்று, "சத்தம் கேக்கல" என்றார்.

என் கல்யாணம் கஞ்சியோடு வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகையே வந்துவிட்டது. அப்போது கவிதா நடுங்குவதை நிறுத்தினாள். விறுவிறுவென்று வந்து, பால் வாளியை ஓங்கி அப்பாவின் நெஞ்சில் ஒரு போடு போட்டாள்.

'டிங்!'

புலி அந்த நொடியே மல்லாந்து விழுந்து, காலை உதறி, கௌரவமாகச் செத்தது. கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மறுவாரம் தோட்டத்தின் கதையை எழுதச் சொன்னால், பிள்ளைகள் எல்லாரும் புலியைக் கொன்றது பால்மரம் சீவிய பெண் என்றே எழுதினார்களாம். டீச்சர் திருத்தவில்லை.

நான் தாடி வளர்க்க ஆயத்தமானேன். அம்மா மட்டும் விடவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு என்னையும் இழுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். தட்டை நடுவில் வைத்தோம். மாமா என்னைப் பார்த்தார், மேலே ஏர்கோனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். காப்பி கொண்டுவந்த கவிதா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு குனிந்து, கரண்டியால் அந்தத் தட்டின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

'டிங்.'

மாமா நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். கண்ணை மூடியபடி, "சரி லா, செத்துட்டேன். நாள் பாருங்க" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் ஏதாவது வாக்குவாதத்தில் நான் ஜெயிக்கப்போகிற கட்டம் வந்தால், சமையலறையிலிருந்து 'டிங்' என்று கேட்கும். உடனே சோபாவில் விழுந்துவிடுவேன். சத்தம் கேட்கவில்லை என்று ஒருமுறை நின்று பார்த்தேன். கவிதா வாளியைத் தேடினாள்.