மாமனாரின் பொத்தான் கார்

"இன்னும் கொஞ்சம் எம்பிக் குதிங்க வாத்தியாரே, அசையுது!" என்றார் கர்ட்.

லைல் டிட்மர் வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தார். ஒரு கை காரின் கூரையில், மறு கை காற்றில். முன்பக்க இடது சக்கரத்து நட்டு அசைவதாகக் கர்ட் சொன்னாரே ஒழிய, லைலின் முழங்கால் மூட்டுதான் அசைந்தது. கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். 'டக்' என்று சத்தம்.

"வந்துடுச்சு!"

வந்தது உண்மைதான். நட்டு மட்டும் வராமல், போல்ட்டையும் பாதியாக முறித்துக்கொண்டு வந்து புல்லில் கிடந்தது.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. மாமனார் ஆர்வில் ஹாஸ்கெட் வெள்ளைத் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பீப்பி! அந்த வண்டிக்கு இடது பக்கச் சக்கரத்துல மரை எதிர்ப்பக்கம்யா! இவ்வளவு நேரமா நீ கழட்டல, இறுக்கிட்டிருந்தே!"

ஜன்னல் மூடிக்கொண்டது. லைல் கர்ட்டைப் பார்த்தார். கர்ட் மேப்பிள் மரத்தைப் பார்த்தார்.

"அடடா, சுத்தமா மறந்துபோச்சு," என்றார் கர்ட்.

பக்கத்து வீட்டுக் கர்ட் காலமெல்லாம் டிராக்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் கையில் அயோவா மாநிலத்து டிராக்டர்கள் எப்படித்தான் உழுதனவோ என்று லைலுக்கு ஆச்சரியமாக இருந்தது.

லைல் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியார். கிளாரினெட் குழல் ஊதச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். நடீனைக் கல்யாணம் செய்துகொண்டு எல்ம் கிராஸிங் என்ற இந்தச் சின்ன ஊருக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. இருவருக்கும் இது இரண்டாவது கல்யாணம். ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது, தேவாலயத்துப் பாட்டுக் குழு சேர்த்துக்கொண்டது. மாடியில் இருந்த மாமனார் மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "இது நடீன் கூட இருக்கற ஆளு" என்றுதான் அறிமுகம் செய்வார். நேரில் கூப்பிட்டால் பீப்பி.

ஆர்வில் சாதாரண ஆள் இல்லை. அந்த வட்டாரத்தில் டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை வைக்கும் அதிகாரியாக இருந்தவர். பாதிரியாரிலிருந்து பல் டாக்டர் வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள்தான். அவரிடம் முதல் தடவையே பாஸான ஆள் ஊரில் கிடையாது. இப்போதும் அவர் கைத்தடியோடு தெருவில் நடந்தால், நிறுத்தி வைத்த காரில் இருப்பவர்கள்கூட பெல்ட் மாட்டிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், சோளக்கதிரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துல என் வேலியண்ட் காரை நானே ஓட்டிக்கிட்டுப் போகணும். அதை எவன் ஓட வைக்கறானோ, அவன்தான் என் மாப்பிள்ளை."

நடீனின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"அந்தத் துருப்பிடிச்ச டப்பாவா? அது இனிமே எங்கப்பா ஓடப்போகுது? ஏங்க, நீங்களாவது சொல்லுங்க!"

லைல் காதில் 'மாப்பிள்ளை' என்ற ஒரு சொல்தான் விழுந்திருந்தது.

வேலியண்ட் கொட்டகையில், மூட்டைகளுக்கு அடியில் கிடந்தது. அமெரிக்கக் கார்கள் படகு நீளத்துக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் கைக்கு அடக்கமாக வந்த சின்ன வண்டி. கியர் போடத் தடி கிடையாது. ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ரேடியோவில் இருப்பது மாதிரி பொத்தான்கள். பச்சைப் பெயிண்ட் பாதி, துரு பாதி. சீட்டுக்குள் எலிக் குடித்தனம். இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தபோது, பார்க்கிற ஒயர் எல்லாம் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எலி," என்றாள் நடீன் பின்னாலிருந்து.

"எலி கடிச்ச மாதிரி இல்லையே. வெட்டின மாதிரி இருக்கே."

"எங்க ஊர் எலிக்குப் பல்லு நேரா இருக்கும்."

சும்மா ஓட வைப்பதோடு நிறுத்த லைலுக்கு மனமில்லை. முன்சக்கரங்களுக்குப் புது டிஸ்க் பிரேக், புது ரேடியேட்டர், நல்ல சீட் பெல்ட் எல்லாம் போட்டு, மாமனார் அசந்துபோகும்படி கொடுக்க வேண்டும் என்று ஆசை. உதிரிபாகக் கடை மேவிஸிடம் போனார்.

"வேலியண்ட்டா?" என்றாள் மேவிஸ். "யாரோட வேலியண்ட்?"

"மாமனாரோடது."

மேவிஸ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு அன்பாகச் சிரித்தாள். "வாங்கிட்டா போச்சு. என்கிட்ட விடுங்க."

பிரேக் வந்தது. லாரிக்குப் போடுகிற பிரேக். "அளவு சரிதான், நீங்கதான் சக்கரத்தைப் பெரிசா மாத்தணும்," என்றாள். பெரிய சக்கரம் வந்தது. மாட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் திருப்பினால் டயர் தகரத்தில் போய் முட்டியது.

"அதனால என்ன?" என்றார் கர்ட். "வலப்பக்கமா மூணு தடவை திரும்பினா இடப்பக்கம் போயிடலாம்ல?"

லைல் அதைக் கொஞ்ச நேரம் யோசித்துக்கூடப் பார்த்தார்.

அடுத்து இன்ஜின். கர்ட் குனிந்து பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டார்.

"வாத்தியாரே, மனசைத் திடப்படுத்திக்கோங்க. இன்ஜின் ஒரு பக்கமா சாஞ்சுடுச்சு. வயசாயிட்டா அப்படித்தான்."

உண்மைதான், சாய்ந்துதான் இருந்தது. இரண்டு பேருமாக ஜாக்கி கொடுத்து, மரக்கட்டை அண்டக்கொடுத்து, பகல் முழுக்கப் போராடி அதை நிமிர்த்தினார்கள். நிமிர்ந்தது. அதைத் தாங்கியிருந்த ரப்பர் பிடிகள் பிய்ந்தன. ஒரு குழாய் உடைந்து லைலின் சட்டை முழுக்க எண்ணெய் பீய்ச்சியது.

மாடி ஜன்னல் திறந்தது.

"யோவ் பீப்பி! அந்த இன்ஜின் பிறவியிலேயே சாஞ்சதுய்யா! சாய்ச்சு வெச்சே செஞ்சாங்க! அதை ஏன்யா நிமித்தறே?"

லைல் கர்ட்டைப் பார்த்தார். கர்ட் இந்தத் தடவை தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகப் பொத்தான்கள். கர்ட்தான் வண்டிக்கு அடியில் படுத்துக் கேபிளை இழுத்துக் கட்டினார். ஜூன் மாதத்தில் ஒரு காலை, வண்டி இருமி, தும்மி, கிளம்பியே விட்டது! லைலுக்குக் கண் கலங்கியது. முன்னால் போகிற பொத்தானை அழுத்தினார். நகரவில்லை. சரி, முதலில் நியூட்ரலுக்கு வருவோம் என்று அதை அழுத்தினார். வண்டி பின்னால் பாய்ந்தது. துணிக்கொடியை இழுத்துக்கொண்டு, நடீனின் தக்காளிப் பாத்தியைத் தாண்டி, கர்ட்டின் வேலியில் போய்த்தான் நின்றது. பின்கண்ணாடியை மாமனாரின் நீளக் கால்சட்டை மூடியிருந்தது.

"என் தக்காளி!" என்று நடீன் ஓடிவந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. கூடவே, லைல் சத்தியம் செய்யத் தயார், ஒரு நிம்மதியும் இருந்தது. "போதுங்க. விட்டுடுங்க. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அன்று மாலை பாட்டுக் குழுப் பெண்கள் ஆப்பிள் பை செய்து எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார்கள். பாதிரியாரும் வந்தார். "சில விஷயங்களை ஆண்டவர் ஓய்வெடுக்க விடுகிறார், லைல்," என்றார். இத்தனை அன்பான ஊரா என்று லைல் நெகிழ்ந்துபோனார்.

ஆனால் மாடிப்படியில் ஆர்வில் உட்கார்ந்திருந்தார். கிழவர் கத்தவில்லை. அதுதான் லைலை என்னவோ செய்தது.

"உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும், பீப்பி," என்றார் மெதுவாக. "ஆனா முயற்சி பண்ணினது நீ ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் வந்து பாப்பான், உச்சுக் கொட்டுவான், போயிடுவான்."

லைல் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார். இனி யார் உதவியும் வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். இது அவருக்குச் சாதாரண விரதம் இல்லை. லைல் வாயில் எதுவும் தங்காது என்பது ஊரறிந்த சங்கதி. மாமனாரின் பிறந்தநாளுக்கு ரகசியமாக ஏற்பாடு செய்த விருந்தை மாமனாரிடமே சொல்லி, என்ன கேக் என்பது வரை விவரித்தவர் அவர்.

நல்ல வேளையாக, நடீன் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். கர்ட் மீன் பிடிக்க ஏரிக்குப் போனார். லைல் வெளியூர்க் கடைக்குப் போனார். அங்கே கேட்ட சாமான் கேட்டபடி கிடைத்தது; லைலுக்கு அதுவே அதிசயம். சரியான பிரேக், சரியான சக்கரம், புது ரப்பர் பிடிகள். இன்ஜினைப் பழையபடி சாய்த்து உட்கார வைத்தார். பொத்தான் கேபிளை வண்டியின் கையேட்டில் சொன்னபடி ஒரு படி தள்ளிக் கட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிளாரினெட்டுக்குச் சுருதி பார்க்கிற மாதிரி, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஸ்க்ரூவைத் திருகினார். இருமல் நின்றது. தும்மல் நின்றது. ஆறு சிலிண்டரும் ஒரே குரலில் பாடின. நடீன் திரும்பி வந்தபோது வண்டி மூட்டைகளுக்கு அடியில் நல்ல பிள்ளையாக உறங்கிக்கொண்டிருந்தது. லைல் வாயைத் திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்துப் புண்ணாகிவிட்டது.

ஜூலை நாலு. நடீன் எலுமிச்சைச் சாறு கடை போட முன்னாலேயே கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். லைல் மாமனாரைக் கைபிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப்போய், மூட்டைகளை விலக்கி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

ஆர்வில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். வண்டி பாடியது. கிழவரின் மோவாய் நடுங்கியது.

"மாப்பிள்ளே," என்றார்.

லைல் கார்க் கதவைப் பூப்போலச் சாத்தினார்.

"நீங்க மெதுவா சுத்தி வாங்க மாமா. நான் முன்னாடி போய் ஊர்வலம் வர்ற இடத்துல நிக்கறேன். எல்லாரும் பாக்கட்டும்!"

குறுக்குச் சந்தில் புகுந்து, கடைத்தெருவில் வந்து நின்றார். தெரு இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலிகள், கொடிகள். பள்ளிக்கூடப் பேண்டு இரண்டாவது பாட்டை ஆரம்பித்திருந்தது. கர்ட் வறுத்த சாஸேஜைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லைல் அவர் தோளைத் தட்டினார்.

"கர்ட்! அதோ, கோடியில பாருங்க. பச்சையா!"

கர்ட் பார்த்தார். சாஸேஜ் பாதி வாயிலேயே நின்றது.

"வாத்தியாரே... அது... ஓடுதா?"

"ஓடுதாவா? பாடுது!"

"யார் ஓட்டறது?"

"மாமாதான்! வேற யாரு?"

"நடீனுக்குத் தெரியுமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. வாழ்க்கையில முதல் தடவையா வாயைக் கட்டினேன்!"

கர்ட் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பொறாமை, என்று நினைத்துக்கொண்டார் லைல். பாவம், மனுஷனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த நிமிஷம் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து சங்கு ஊத ஆரம்பித்தது. சூறாவளி வந்தால் மட்டும் ஊதுகிற சங்கு. பேண்டு பாதிப் பாட்டில் நின்றது. பெரிய ஊதுகுழல்காரன் குழலோடு வங்கிக் கதவுக்குள் நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டான். தாய்மார்கள் குழந்தைகளை அள்ளினார்கள். பாதிரியார் தேவாலயத்துக் கதவை அகலத் திறந்து, "நிலவறைக்கு! நிலவறைக்கு!" என்று கூவினார். மேவிஸ் கடை ஷட்டரை இழுத்து விட்டாள். நடீன் எலுமிச்சைச் சாறு மேஜையைத் தள்ளிக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஏங்க! அப்பா எங்க?"

"வண்டியில!" என்றார் லைல் பெருமையாக. "என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டாரு!"

நடீன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்தாள். உடனே எழுந்து தேவாலயத்தைப் பார்க்க ஓடினாள்.

கண்மூடித் திறப்பதற்குள் தெரு காலி. தரையில் கொடிகளும், ஒற்றைச் செருப்பும், லைலும்தான் மிச்சம். அவர் அண்ணாந்து பார்த்தார். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

பின்னாலிருந்து யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்துத் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் இழுத்தார்கள். ஊர்ப் போலீஸ், துணை ஷெரிஃப் டார்லா. அவள் தொப்பி கோணலாக இருந்தது. ஒரு கையில் சிவப்புக் கொடி.

பச்சை வேலியண்ட் நடைபாதையின் மேலேயே ஏறி, ஒரு தபால் பெட்டியைச் சாய்த்து, தெருவிளக்குக் கம்பத்தை ஆள் என்று நினைத்து ஆர்வில் மரியாதையாகக் கையசைக்க, அவர்கள் நின்ற இடத்தை உரசிக்கொண்டு கம்பீரமாகப் போனது. ஹாரன் விடாமல் அடித்தது.

"டார்லா," என்றார் லைல் நடுங்கிக்கொண்டே, "இவ்வளவு வெயில் அடிக்குதே, சூறாவளி எங்கேம்மா?"

"சூறாவளிக்கு இல்ல சார், உங்க மாமனாருக்குத்தான் சங்கு, அந்த வண்டி தானா கெட்டுப்போச்சுன்னா நெனச்சீங்க, அதை ஓடாம வெக்கறதுக்கு இந்த ஊரே வருஷக்கணக்கா முறை போட்டுல்ல பாடுபட்டுச்சு!"