நேற்றே வந்த கிரைண்டர்

உலகத்திலேயே முதன்முதலாக, ஆர்டர் கொடுப்பதற்கு முந்தைய நாளே ஒரு பொருள் வாடிக்கையாளரின் வாசலில் வந்து இறங்கியது அந்தமானில், எங்கள் ஜங்லிகாட் பேட்டையில்தான். ஆண்டு 2009. பொருள், பத்து லிட்டர் கிரைண்டர். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முப்பத்தோரு வருடம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, 'கப்பல் நாளைக்குக் கட்டாயம் கிளம்பும்' என்று சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். பொய் எனக்குப் பழக்கமே இல்லை.

போர்ட் பிளேரின் 'இணைய வணிகப் புரட்சி' அப்போது இரண்டு மாடிகளில் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாடியில் சந்திரமோகனின் திமிங்கலம் டாட் காம். அதற்குக் கீழே அழகர்சாமி பாத்திரக் கடை. எதிர் மாடியில் ஹரிஹரனின் சுறா டாட் காம். அதற்குக் கீழே பஞ்சர் கடை. திமிங்கலம் பத்து நாளில் டெலிவரி என்றால் சுறா எட்டு என்னும். திமிங்கலம் உடனே ஐந்துக்கு இறங்கும். இருவர் சரக்கும் சென்னையிலிருந்து ஒரே கப்பலில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தன என்பது இந்தப் போட்டியின் வீரத்தைக் கொஞ்சமும் குறைக்காது.

போரை எடைபோட்டுச் சொன்னவர் 'தீவு நிதி முரசு' வார இதழின் ஆசிரியர் சிவப்பிரகாசம். மெயின்லேண்டிலிருந்து வந்து ஆறு மாதம். அவர் அறையின் ஏ.சி. திமிங்கலம் கொடுத்தது, ஸ்டெபிலைசர் சுறா கொடுத்தது. இரண்டும் சேர்ந்தால்தான் குளிரும். இதைவிட உயர்ந்த 'நடுநிலை'யை நான் கண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அவர் திமிங்கலத்தின் போன் எடுக்கும் பெண் ப்ரியங்காவைப் பேட்டி கண்டார். அவளுக்கு ஹிந்தி மட்டும்தான். அவருக்கு ஹிந்தியில் எழுபது வார்த்தை.

"ஆர்டர் கப்?" என்றார். எப்போது என்று அர்த்தம்.

"ஆஜ்," என்றாள். இன்று.

"டெலிவரி கப்?"

"கல்."

ஹிந்தியில் 'கல்' என்றால் நாளையும்தான், நேற்றும்தான். தீவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆசிரியரின் எழுபது வார்த்தையில் நேற்று மட்டுமே இருந்தது. திங்கட்கிழமை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'இன்று ஆர்டர், நேற்றே டெலிவரி! காலத்தை வென்றது திமிங்கலம்!'

ஹரிஹரன் ஆசிரியரின் அறைக்குப் பாய்ந்து வந்தார். "சார், இது அநியாயம்."

"பதறாதீங்க. நம்ம பத்திரிகை நடுநிலை. அவருக்கு நேத்து, அடுத்த வாரம் உங்களுக்கு முந்தாநாள்."

அதற்குள், முதலீடு செய்ய இரண்டு கம்பெனிகளில் எதை எடுப்பது என்று சென்னையில் யோசித்துக்கொண்டிருந்த ராஜமாணிக்கம் சந்திரமோகனுக்கு போன் செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறாராம். நேற்றே டெலிவரி பெற்ற ஒரு வாடிக்கையாளரை நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஜங்லிகாட்டில் அந்தச் செய்தியை நம்பாதவர் ஒரே ஒருவர், ஒச்சம்மா. சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரின் கட்சால் தீவிலிருந்து வந்து இங்கே இட்லிக் கடை போட்டவர். கிரைண்டர் மோட்டார் புகைந்து கடை பூட்டிப் பதினோரு நாள். அவரது வாடிக்கை முழுவதும் எதிர்ச்சாரியில் பூரி தின்றுகொண்டிருந்தது.

"தர்றேன்னு சொன்னதே வராத ஊரு, கிளார்க்கய்யா. கேக்காதது முந்தின நாளே வருமாக்கும்," என்றார் என்னிடம்.

புதன்கிழமை காலை அவர் வாசலுக்கே ஒரு புதுக் கிரைண்டர் வந்தது. அழகர்சாமி கடையிலிருந்து நாற்பதடி தூரம், திமிங்கலத்தின் ஸ்டிக்கரோடு. சந்திரமோகனே தோளில் சுமந்து வந்தார்.

"நான் ஆர்டரே குடுக்கலியே தம்பி?"

"அதான்க்கா விசேஷம். நாளைக்குக் குடுங்க."

"காசு?"

"வேணாம். வெள்ளிக்கிழமை ஒருத்தர் வந்து கேப்பாரு. நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லலேன்னா மெஷின் கீழ்க்கடைக்கே போயிரும்."

"பொய் சொல்ல மாட்டேன்."

"யாருக்கா பொய் சொல்லச் சொன்னா? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

ஒச்சம்மா கிரைண்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூரிக் கடையைப் பார்த்தார். அரிசியை ஊறப் போட்டார்.

வியாழக்கிழமை திமிங்கலத்தின் கம்ப்யூட்டரில் ஆர்டர் கொடுத்தார். இணையம் செயற்கைக்கோள் வழியாக வந்த காலம். பொத்தானை அமுக்கியது காலை பத்துக்கு, ஆர்டர் போய்ச் சேர்ந்தது மதியம் இரண்டுக்கு. ஆர்டர்தான் தாமதம், டெலிவரியில் ஒரு குறையும் இல்லை என்பதை ஆசிரியர் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ராஜமாணிக்கம் இட்லிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டார். ஒரு பக்கம் சந்திரமோகன், மறுபக்கம் ஆசிரியர். எதிர் மாடி ஜன்னலில் ஹரிஹரனின் தலை.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. ஆர்டருக்கு முந்தின நாளே மெஷின் வந்ததா?"

ஒச்சம்மா கையைத் துடைத்துக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை ஒரு முறை பார்த்தார்.

"நானும் நம்பலதான். ஆனா நடந்தது வாஸ்தவம், ஐயா. வியாழக்கிழமை ஆர்டர் குடுத்தேன், புதன்கிழமையே மெஷின் வந்திருச்சு." பிறகு ஆசிரியரின் இலையில் இன்னொரு இட்லி வைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த சார் அதைவிட வேகம். அவரு பேப்பர்ல திங்கட்கிழமையே வந்திருச்சு."