திகதிக் காக்கா வெட்டிய டிசம்பர்

உலகத்தில் இதுவரை நடந்த அத்தனை அனர்த்தங்களையும் சொந்தக் குடும்பத்துச் சங்கதி போலச் சுமந்து திரிந்த ஒரே மனிதர், கல்முனையில் எங்கள் தெருவில் கலியாண காட் அடித்துக்கொண்டிருந்த திகதிக் காக்காதான். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். வாப்பா உம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது அடையாள அட்டையில் இருந்தது. அடையாள அட்டை அலுமாரிக்குள் இருந்தது.

அவரிடம் நாலு தடித்த சீ.ஆர். கொப்பிகள் இருந்தன. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். அந்தத் திகதியில் யார் பிறந்தார், யார் மவுத்தானார், எந்தக் கப்பல் கடலில் மூழ்கியது, எந்த ராசாவின் தலை போனது என்று பொடி எழுத்தில் நிரப்பி வைத்திருப்பார். பழைய பேப்பர், வானொலி, பிறகு போன் என்று கண்ட இடத்திலெல்லாம் பொறுக்கியது. பெப்ரவரி இருபத்தொன்பதுக்கு மட்டும் அரைப் பக்கம்தான். ஏனென்று கேட்டால், "நாலு வரிசத்துக்கு ஒருக்கா வாறவனுக்கு இது காணும்" என்பார்.

கொப்பியோடு நின்றிருந்தால் ஊர் தப்பியிருக்கும். மனிதர் நிற்கமாட்டாரே. பக்கத்துத் தெரு வாத்தியாருக்கு ஆகஸ்ட் ஆறாம் திகதி ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாகப் போய், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், ஹிரோஷிமாவில குண்டு போட்ட நாள்" என்று வாழ்த்திவிட்டு வந்தார். பெயர் வைக்கும் முன்னரே பிள்ளைக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. அவன் இன்று பெரிய எஞ்சினியர். லீவில் வந்தால் இன்றும் தெருவில், "ஹிரோஷிமா எப்ப வந்த?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

ஒருமுறை ஏப்ரல் பதினைந்தாம் திகதி கடற்கரையில் ஒரு புதுப் போட்டை இறக்க ஆயத்தம் நடந்தது. பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளுகிறார்கள். காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார்.

"இறக்காதீங்க! தாழவே தாழாதெண்டு சொன்ன அந்தப் பெரிய கப்பல் தாண்டது இண்டைக்குத்தான்!"

போட்டின் சொந்தக்காரர் பதறவில்லை. "அது என்னத்தில அடிச்சது காக்கா?"

"பனிக்கட்டியில."

"எங்கட கடல்ல பனிக்கட்டி இந்த ஐஸ் பெட்டிக்குள்ள மட்டும்தான் கிடக்கு. அதில அடிபடாம நாங்க பார்த்துக் கொள்ளுறம். நீங்களும் ஒரு கை குடுங்க."

போட் போனது. நிறைய மீனோடு திரும்பியும் வந்தது. காக்காவுக்கும் ஒரு கோர்வை கீரி மீன் அனுப்பினார்கள். பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த ஏப்ரலையும் பார்ப்பம்" என்றாராம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். கலியாண காட் என்று வந்தால் சிரிக்க முடியாது. கொம்பியூட்டரில் திகதி அடிக்கும் இடம் வந்ததும் அவருடைய கை நின்றுவிடும். கொப்பியை எடுப்பார். பக்கத்தைப் புரட்டுவார். உச்சுக் கொட்டுவார். அவ்வளவுதான், நாள் செத்தது. வேறு பிரஸ்ஸுக்குப் போகலாம்தான். ஆனால் அவர் சொன்னது காதில் விழுந்த பிறகு எந்த உம்மாவின் மனம் கேட்கும்? ஒருநாள் மௌலவியே நேரில் வந்து கண்டித்தார்.

"எங்கட மார்க்கத்தில சகுனம் பார்க்கிறல்ல காக்கா."

"இது சகுனமில்ல மௌலவி, சரித்திரம்" என்றார் காக்கா. மௌலவி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இந்தச் சரித்திரத்தின் வாயில் ஒருநாள் நானும் விழுந்தேன். கட்டாரிலிருந்து டிசம்பர் மாதம் மட்டும் லீவில் வந்திருந்தேன். நஸீராவை எனக்குப் பேசி முடித்து இரண்டு வருஷம் ஓடியிருந்தது. அதற்குள் இரண்டு முறை என் லீவு கிடைக்காமல் போனது. நஸீராவின் வாப்பா, அதாவது எனக்கு மாமாவாக வரவேண்டியவர், நறுக்கென்று சொல்லிவிட்டார்: "இந்த லீவுக்குள்ள நிக்காஹ் முடியோணும். இல்லாட்டி நான் என்ட புள்ளைக்கு வேற இடம் பார்ப்பன்." இருபத்தொன்பதாம் திகதி எனக்கு பிளேன்.

மண்டபத்தில் காலியாக இருந்த நாட்களை எழுதிக்கொண்டு உம்மாவோடு காக்காவின் கடைக்குப் போனேன்.

"டிசம்பர் ஏழு" என்றேன்.

"ஜப்பான்காரன் அமெரிக்காட கப்பலுக்கெல்லாம் குண்டு போட்ட நாள்."

"பதினாலு?"

"தென் துருவத்துக்கு முதல் மனிசன் போய்ச் சேந்த நாள். நல்ல நாள்தான். ஆனா அவனுக்குப் பிறகால போனவன் திரும்பி வரல்ல."

"நான் மண்டபத்துக்குத்தான் போறன் காக்கா, துருவத்துக்கில்ல."

"திரும்பி வரோணும் தம்பி, அதுதான் கதை."

"பதினேழு?"

அவர் முகம் மலர்ந்தது. "முதல் முதலா பிளேன் பறந்த நாள்!" பிறகு வாடியது. "பன்னிரண்டு செக்கன்தான் பறந்தது. கலியாணம் பன்னிரண்டு செக்கனுக்கா?"

இருபத்தொன்றாம் திகதி வருஷத்திலேயே குறுகிய பகல் உள்ள நாளாம், அதுவும் கூடாதாம். குறுகிய பகல் என்றால் நீண்ட இரவுதானே, மாப்பிள்ளைக்கு அதில் என்ன நட்டம் என்று என் கூட்டாளிமார் வாதாடிப் பார்த்தார்கள். உம்மா கேட்கவில்லை. நாங்கள் யோசித்துக்கொண்டிருந்த ஒரு கிழமைக்குள், சரித்திரம் தெரியாத பாக்கியசாலிகள் அந்த நாட்களையெல்லாம் பதிந்துவிட்டார்கள். மண்டபத்துக்காரர் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இருபத்தாறு மட்டும் கிடக்கு. அண்டைக்கு யாரும் எடுக்கிறல்ல."

எங்கள் கரையில் யாருக்கும் அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. சுனாமி வந்த நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நஸீராவின் உம்மாவைக் கடல் கொண்டுபோனது. திகதிக் காக்காவின் மனைவியையும் அதே காலையில்தான். உலகத்துச் சாவையெல்லாம் கதைக்கிற மனிதர் அதைப் பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மாமா முடியாது என்றுவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் நேரே காக்காவின் கடைக்குப் போனேன்.

"சந்தோஷமா காக்கா? துருவத்தில எவனோ மவுத்தானதுக்கு என்ட கலியாணம் நிண்டு போச்சு. இனி இருபத்தாறு மட்டும்தான் கிடக்கு. அதுக்கு மாமா ஓமெண்டு செல்லமாட்டார்."

உச்சுக் கொட்டுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கொப்பியைத் தொடவேயில்லை. கடையைப் பூட்டினார்.

"நட, உன்ட மாமா ஹாஜியார்ட்ட போவம்."

மாமா எங்களைக் கண்டதும் வெடித்தார். "நீங்கதானே ஒவ்வொரு நாளா வெட்டி எறிஞ்ச? இப்ப எந்த முகத்தோட வந்திரிக்கிங்க?"

"ஓம் ஹாஜியார், என்ட பிழைதான்" என்றார் காக்கா. அந்த வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்த நாளெல்லாம் நான் கொப்பியில படிச்சது. படிச்ச நாளில என்ன வருமோ எண்டு பயம். இருபத்தாறு அப்பிடியில்ல. அது எனக்குத் தெரிஞ்ச நாள். வாறதெல்லாம் வந்து முடிஞ்சி. அதில எனக்குப் பயமில்ல."

"சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்க நாள் பார்க்கிறல்ல ஹாஜியார். என்ட கொப்பியில அந்தப் பக்கம் முழுக்க மவுத்துதான் எழுதிக் கிடக்கு. வரிசா வரிசம் அதைத் திறந்து பார்க்கிறது நான்தான். ஒரு கலியாணத்தையும் அதில எழுத விடுங்களன்."

மாமா தலை குனிந்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் நஸீரா அழும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்து, "காலையில துஆ. அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மேளம் தாளம் ஒண்டும் வேணாம்" என்றார். காக்கா அன்றே காட் அடித்தார்.

இருபத்தாறாம் திகதி காலையில் மாமாவும் காக்காவும் சுனாமியில் மவுத்தானவர்களை அடக்கிய கடற்கரை மையவாடியில் துஆ ஓதினார்கள். பின்னேரம் இருவரும் மழையில் நனைந்த சாரனோடு மண்டபத்துக்கு வந்தார்கள். நான் சம்மதமென்று கபூல் சொல்லி வாய் மூடுவதற்குள் காக்கா ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "நேரம் எத்தின? சரியாச் செல்லுங்க!" என்று கத்தினார். அஞ்சுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. பேனையால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பிறகு அந்தக் கையாலேயே புரியாணி சாப்பிட்டு அழித்துவிட்டு, எல்லாரிடமும் மறுபடி நேரம் கேட்டுத் திரிந்தார்.

பத்து வருஷமாகிறது. நான் கட்டாரை விட்டு ஊரோடு வந்துவிட்டேன். எங்கள் கலியாண நாளை நானும் நஸீராவும் மறந்த வருஷங்கள் உண்டு. காக்கா மறக்க விட்டதில்லை. ஒவ்வொரு இருபத்தாறாம் திகதியும் காலையில் மையவாடிக்குப் போவார். பின்னேரம் மஸ்கட் இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

போன வருஷம் அடைமழை. முழுக்க நனைந்து வந்தவரிடம் நஸீரா துவாயைக் கொடுத்து, "இந்த மழைக்குள்ள என்னத்துக்குக் காக்கா வந்த?" என்று கேட்டாள்.

"இந்த நாளில வீட்டில தனிய இரிக்க ஏலா புள்ள. முந்தி பொழுது படுமட்டும் ரோட்டு ரோட்டா நடந்து திரிவன். இப்ப எனக்குப் போறத்துக்கு ஒரு வீடு இரிக்கி."

நல்ல நாலு திகதிகளை வெட்டிய பாவத்துக்காக அந்த மனிதரை நான் இன்னும் திட்டுவதுண்டு. ஆனால் இருபத்தாறாம் திகதி பின்னேரம் அவர் வந்து சேரும்வரை எங்கள் வீட்டில் யாரும் தேத்தண்ணி குடிப்பதில்லை.