கொழுந்து மாடியில் ஒரு கம்ப்யூட்டர்

அது எண்பத்தேழா, எண்பத்தெட்டா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்புத்தளையில் ஒரு கிழமையாக மூடுபனி விலகவில்லை என்பது மட்டும் உறுதி. அதுகூட இரண்டு கிழமையாக இருந்திருக்கலாம். அந்தப் பனியில்தான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு காலையில் எழும்ப மறுத்தது.

பெரிய கிளாக்கர் வீரசிங்கம் சுவிட்சைப் போட்டார். அணைத்தார். மறுபடி போட்டார். பெட்டி உறுமியது, திரை இருட்டாகவே கிடந்தது.

தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருடைய பெயரும் பிறந்த தேதியும் சேவைக்காலமும் அதற்குள் இருந்தன. ஒரு வருடமாக ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அவரே அடித்தவை. போனால் மறுபடி அடிக்க இன்னொரு வருடம்.

கொழும்புக்குப் போயிருந்த தோட்டத்து மேனேஜர் துரை டெலிபோனில் சுருக்கமாகச் சொன்னார்: "நாளைக்குப் பதுளையிலயிருந்து ஆள் வருவான். உள்ள இருக்கிறது ஒண்ணும் போகக் கூடாது, வீரசிங்கம். போனா நீங்களும் போக வேண்டியதுதான்."

வேலை போனால் தோட்டம் தந்த வீடும் போகும். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். வீரசிங்கம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலிலும் ஒன்றும் தெரியவில்லை. நாளை வரை சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

தேயிலை ஆலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் அழகையா எட்டிப் பார்த்தார்.

"என்னா கிளாக்கரய்யா, மொகம் செத்துக் கெடக்கு?"

"பெட்டி எழும்பல."

அழகையா பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு மூக்கை வைத்தார்.

"ஈரம் ஏறிப்போச்சு. மழையில பறிச்ச கொழுந்து மாதிரி இருக்கு. வாட்டணும்."

"வாட்டுறதா?"

"கொழுந்து வாட்டுற மாடியில சூடு காத்து ஓடுதே. கொழுந்தோட போட்டா சாயந்தரம் பதமா வந்துரும்."

பெட்டியைச் சாக்கில் சுற்றி நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். வீரசிங்கம் பின்னாலேயே ஓடினார்.

"மெதுவா! சாய்க்காதடா! பேரெல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சிரும்!"

கொழுந்து பரப்பிக்கொண்டிருந்த இராக்கம்மா கேட்டாள்: "எம்பேரும் இதுக்குள்ளயா இருக்குங்க?"

"இருக்கு, இருக்கு."

"அப்ப எனக்கும் கொஞ்சம் சூடு ஏறட்டும். இந்தப் பனியில முழங்கால் மடக்க முடியல."

சாயந்தரம் பெட்டி தேயிலை மணத்தோடு இறங்கி வந்தது. சுவிட்சைப் போட்டார்கள். முன்பு உறுமவாவது செய்தது; இப்போது அதுவும் இல்லை. காற்றுத் துவாரமெல்லாம் கொழுந்துத் துணுக்கு.

"தூசுதான். காத்தாடிய வச்சு ஊதிரலாம்," என்றார் அழகையா.

தட்டும் பலகையையும் ஊதவென்று அதன் எழுத்துக் கட்டைகளைக் கழற்றி ஆலை மேசையில் வைத்துவிட்டு, அங்கிருந்த பெரிய காற்றாடியைத் திருப்பினார்கள். துணுக்குகள் அப்படியே இருந்தன. எழுத்துக்கள் பறந்தன. பறந்துபோய்த் தேயிலைக் குவியலில் விழுந்தன.

இராக்கம்மா குவியலைச் சலித்து, முந்தானையில் அள்ளி வந்தாள். எல்லாம் இருந்தன. இங்கிலீஷ் 'ஆர்' மட்டும் இல்லை.

"கொழும்பு ஏலத்துக்குக் கட்டின தேயிலைப் பெட்டியில போயிருக்கும்," என்றார் அழகையா. "எவனாவது வெள்ளக்காரன் கோப்பையில எடுப்பான்."

"அது இல்லாம எம்பேரையே அடிக்க முடியாதேய்யா!" என்றார் வீரசிங்கம்.



மறுநாள் காலையில் பதுளையிலிருந்து மஹ்ரூப் வந்தான், கம்ப்யூட்டர் விற்ற கம்பெனியின் ஆள். பெட்டியைத் திறந்து ஒரு கைப்பிடித் தேயிலையை வெளியே எடுத்தான். அழகையாவைப் பார்த்தான். அழகையா பனியைப் பார்த்தார்.

"தம்பி, உள்ள உள்ளது..." வீரசிங்கம் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

மஹ்ரூப் ஒரு அட்டையைக் கழற்றித் துடைத்து அழுத்திச் செருகினான். பெட்டி உறுமியது. திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒன்றும் குறையவில்லை. வீரசிங்கம் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழகையா ஓய்வு பெறும்வரை அந்த ஆலையிலேயே இருந்தார். இராக்கம்மா முழங்கால் வலியோடு கொழுந்து பரப்பினாள். மஹ்ரூப் சவூதிக்குப் போனான். வீரசிங்கம் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்து, அப்புத்தளை ஸ்டேஷனடியில் பெட்டிக்கடை போட்டார். பெட்டி எழும்பிய அன்று காலை அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மஹ்ரூப் சொன்னான்:

"நல்ல காலம் ஐயா, ஒண்ணும் போகல. போயிருந்தா, மத்தத் தோட்டங்கள்ல எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறினதும் கிளாக்கர்மார வீட்டுக்கு அனுப்பின மாதிரி உங்கள அனுப்ப முடியாம, மறுபடி அடிக்க இன்னும் ஒரு வருஷம் வச்சிருக்க வேண்டி வந்திருக்கும்."