அக்காவுக்கு வந்த மீனை நான் திருப்பி அனுப்பிய கதை

என் அக்காவின் திருமண நாள் காலையில், மணமகன் வீட்டிலிருந்து சிவப்புச் சேலை உடுத்தி, மூக்கில் வளையம் அணிந்து, வாயில் வெற்றிலையுடன் வந்த ஒருத்தியை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். எடை ஐந்து கிலோ இருக்கும். ரோகு மீன். இதை அறியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்து, விளைவுகளை எடைபோட்டு, சமூகப் பொறுப்புடன்தான் செய்தேன். (யோசிக்காமல் செய்திருந்தால் சீக்கிரம் மன்னித்திருப்பார்கள்.)

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். கொல்கத்தாவில், கார்டன் ரீச்சில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் அப்பா. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நானும் அக்கா காந்திமதியும் பிறந்து வளர்ந்தோம். பிறகு நான் சமூகக் கொள்கை படிப்பதற்காக நெதர்லாந்து போனேன். படிப்பு முடிந்து வேலையும் அங்கேயே அமைந்தது. நான்கு ஆண்டுகள் ஊர்ப்பக்கம் வராதவள், கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்து இறங்கினேன்.

இறங்கிய அன்று மாலையே எனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கரியாஹாட் சந்திப்பில் சாலையைக் கடப்பதற்காக, வண்டிகள் நிற்கட்டும் என்று கோட்டின்மேல் ஒழுங்காகக் காத்து நின்றேன். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் என் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்துவிட்டு, ‘வெல்கம் டு கொல்கத்தா, மேடம்’ என்றார். எதிர்த்திசையில் பிதுங்கி வழிந்த ஆட்டோவிலிருந்து என் பள்ளித் தோழி இதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்த அவமானம் எனக்குள் ஓர் உறுதியை உண்டாக்கியது. எந்த ஊரில் இருந்தாலும் என் வீட்டின் மரபைக் காக்கத் தெரிந்தவள் நான் என்பதை நிரூபித்தே தீருவது. அதற்கான வாய்ப்புத் திருமண நாள் காலை ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்தது.

அன்று மாலை வங்காள முறையில் கல்யாணம். மறுநாள் காலை நம் முறையில் தாலி. வங்காள வழக்கப்படி மணமகனுக்குப் பூசிய மஞ்சளில் மிச்சம், சேலைகள், இனிப்புகள் எல்லாம் தட்டுத்தட்டாகப் பெண் வீட்டுக்கு வரும். அதற்குத் தொத்தோ என்று பெயர். “தொத்தோ வந்தா நீ நின்னு வாங்கு. நான் ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அக்கா அலங்காரத்தில் இருந்தாள். அப்பா வாழையிலை வாங்கப் போயிருந்தார். வீட்டு மானம் முழுவதும் என் கையில் இருந்தது.

தட்டுகளைக் கொண்டுவந்தவன் பாப்பாய். மணமகன் அனிர்பனுக்குச் சித்தப்பா மகன். ஒவ்வொரு தட்டாக என்னிடம் கொடுத்துவிட்டு, கடைசியில் இரு கைகளிலும் ஏந்தி அந்த மீனை நீட்டினான்.

எனக்குள் நான் படித்த படிப்பு முழுவதும் ஒருசேர விழித்துக்கொண்டது. பெண் வீட்டார் என்பதால் எதையும் பேசாமல் விழுங்க வேண்டுமா? இன்று மீன், நாளை என்ன? வாங்கினால் அம்மாவின் மனம் நோகும். மறுத்தால் ஐந்து நிமிடம் சங்கடம். எடைபோட்டேன். ஐந்து நிமிடம்தான் இலேசாகத் தெரிந்தது.

“பாப்பாய், உங்கள் அன்பைப் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் எங்கள் குடும்ப விழுமியங்களின்படி இதை ஏற்க இயலாது” என்றேன். (வங்காளத்தில் விழுமியத்துக்குச் சொல் மறந்துபோய் ஆங்கிலத்தில் சொன்னேன். அது இன்னும் மோசமாகக் கேட்டது.)

“திருப்பிக் கொண்டுபோவதா? கல்யாண மீனையா?” என்றான் பாப்பாய்.

“மரியாதையுடன்.”

“உமாதி, பிஷி...” (உமாதி என்றால் உமா அக்கா. பிஷி, மணமகனின் அத்தை.)

“பிஷியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.” வெறுங்கையுடன் அனுப்பலாகாது என்று, நெதர்லாந்திலிருந்து நான் கொண்டுவந்திருந்த பாலாடைக்கட்டி உருண்டை ஒன்றை மீனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் மீனைப் பார்த்தான், கட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான்.

ஆரத்தித் தட்டோடு அம்மா வந்தாள். கீழ்வீட்டு சுதபா பௌதி, சங்கை ஒரு கையிலும் பெரிய அலுமினியப் பாத்திரத்தை மறு கையிலும் ஏந்தி மேலே வந்தார். (பௌதி என்றால் அண்ணி. நாங்கள் பிறந்ததிலிருந்து அவர் எங்களுக்குப் பௌதி.) இருவரும் தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார்கள்.

“மீனு எங்கட்டி?” என்றாள் அம்மா.

“திருப்பி அனுப்பிட்டேம்மா. மரியாதையாத்தான்.”

“எவட்டக் கேட்டு அனுப்புன?”

“நம்ம வழக்கத்த அவங்களும் மதிக்கணும்லா?”

“ஏட்டி, மதிக்கத்தான் செஞ்சாவ! மீனு வேண்டாம், சந்தேஷ் இனிப்புல மீன் மாதிரி செஞ்சு அனுப்புதோம்னு மாப்பிள்ள அம்மா சொன்னாவ. நெசமான மீனுதான் வரணும்னு ஒத்தக்கால்ல நின்னு கேட்டதே நான்!”

ஒரு கண்ணுக்கு மட்டும் மை எழுதிய நிலையில் அக்கா அறையிலிருந்து வந்தாள். அவளிடமிருந்துதான் முழு விவரமும் கிடைத்தது. அனிர்பனின் அப்பா சிறுவயதிலேயே தவறியதால் அவனை வளர்த்தவர் அவனுடைய அத்தை, பிஷி. ‘மீன் நுழையாத வீட்டுக்குள் என் பிள்ளை நுழைய மாட்டான்’ என்று இரண்டு வருடம் கல்யாணத்துக்குச் சம்மதிக்காமல் இருந்தவர். கடைசியில் அம்மாவே நேரில் போய், ‘உங்கள் மீனை என் கையால் பொட்டு வைத்து வாங்குகிறேன்’ என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்திருக்கிறார். மாடித் திருப்பம் வரை மீன் வரும், அம்மா பொட்டு வைப்பாள், பிறகு பௌதி தன் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமைத்து மணமகன் வீட்டாருக்குப் பரிமாறுவார். இதுதான் ஏற்பாடு.

“குடும்பக் குரூப்ல எல்லாம் போட்டிருந்தோமே, நீ படிக்கலியா?” என்றாள் அக்கா.

குரூப்பை நான் மியூட்டில் வைத்திருந்தேன். காலை வணக்கப் படங்கள் என் கவனத்தைச் சிதறடித்தன.

“பிஷிய சம்மதிக்க வைக்க எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு உமா. அதக் கெடுக்க உனக்கு ரெண்டு நிமிஷம் போதும்லா?” என்ற அக்காவின் மையிட்ட கண்ணிலிருந்து ஒரு கோடு இறங்கியது.

மீன் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் பிஷியின் கண்ணில் பட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. அதற்குள் அதைக் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். இந்த முறை எதையும் எடைபோடவில்லை. அம்மா பௌதியைப் பார்த்து, “நீயும் போ. இவள நம்பி மீன விடமுடியாது” என்றாள்.

ஆட்டோவுக்கு நீண்ட வரிசை. நான் அதன் கடைசியில் போய் நின்றேன். பௌதி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டு மீன் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது!” என்று உரக்க அறிவித்தார்.

“சர்வநாசம்!” என்றார் முன்னால் நின்ற பெரியவர். வரிசை விலகி வழிவிட்டது. “ரோகுவா, கட்லாவா?” “எத்தனை கிலோ?” “எந்தப் படுபாவி அனுப்பினான்?” கடைசிக் கேள்விக்கு மட்டும் பௌதி பதில் சொல்லாமல் என்னைத் தள்ளி ஆட்டோவில் ஏற்றினார். அதற்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுதும் கடன்பட்டிருக்கிறேன்.

வழி முழுவதும் பாப்பாயை அழைத்துக்கொண்டே இருந்தேன். ஏழாவது முறை எடுத்தான். அவர்கள் வீடு கஸ்பாவில். அவனோ கரியாஹாட்டைத் தாண்டவே இல்லை. மேம்பாலத்தடியில் காரை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் போனபோது மீன் அவன் பக்கத்தில் பெஞ்சில் படுத்திருந்தது. அதன் சேலை அவிழ்ந்து கிடந்தது.

“வீட்டுக்குப் போனால் பிஷி வெட்டப்போவது மீனை இல்லை” என்றான். “சீர் சேர்ந்துவிட்டதா என்று போனில் கேட்டார். சேர்ந்துவிட்டது என்றேன். ‘அப்படியானால் நீ அங்கே இல்லாமல், உன் பின்னால் ஏன் கரியாஹாட் சந்தை கூவுகிறது?’ என்று கேட்டு வைத்துவிட்டார். இப்போது டாக்ஸியில் உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.”

நான் மீனை எடுத்துக் காரில் வைக்கச் சொன்னேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான். “ஒருமுறை மறுத்ததை நான் மறுபடி கொடுக்க முடியாது. வேண்டுமென்றால் நீங்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.”

பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டறியாதவள், குனிந்து இரு கைகளாலும் தூக்கினேன். வழுக்கிற்று. மார்போடு அணைத்தேன். காருக்குள் அதை மடியில் கிடத்திச் சேலை கட்டிவிட முயன்றேன். (என் சேலையையே அன்று காலையில் அம்மாதான் பின் குத்தி நிறுத்தியிருந்தாள்.) சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்துப் பேருந்தின் ஜன்னலோரப் பெண்கள் கொசுவத்தை எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று கத்திச் சொன்னார்கள்.

“டயர் பஞ்சர் என்று சொல்லிவிடலாம்” என்றான் பாப்பாய். மறுத்துவிட்டேன். பொய் சொன்னால் பழி அவன் தலையில் விடியும். வாசல் வந்தபோது ஒரு டாக்ஸி நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து குடையை ஊன்றியபடி ஒரு சிறிய உருவம் இறங்கியது. மாடிப்படியில் ஆரத்தித் தட்டோடு அம்மா. அவளுக்குப் பின்னால் அக்கா. அந்த உருவம் நேராக எங்கள் காரின் ஜன்னலுக்கு வந்தது.

“மீன் உன் மடியில் என்ன செய்கிறது?” என்று கேட்டார் பிஷி.

“நான்தான் திருப்பி அனுப்பினேன், பிஷி. வீட்டில் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, பாப்பாய் மேலும் இல்லை. தெரிந்ததும் நானே போய்க் கூட்டி வந்தேன்.”

பிஷி குனிந்து மீனைப் பார்த்தார். “இந்தக் கொசுவத்தை வைத்தது யார்?”

“நான்.”

“தெரிகிறது.” சேலையை அவிழ்த்து, மூன்று மடிப்பில் சரியாகக் கட்டினார். “இதற்குமுன் மீனைத் தொட்டதுண்டா?”

“இல்லை.”

“பயமாக இருந்ததா?”

“மீனிடம் இல்லை, பிஷி.”

 பிறகு அந்தச் சிறிய உடம்பு குடையோடு சேர்ந்து சிரிப்பில் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, தெருவில் வேடிக்கை பார்த்தவர்களிடம் பெருமிதமாக அறிவித்தார்: “பார்த்தீர்களா? எங்கள் மீனை எதிர்கொண்டு அழைக்க, பெண் வீட்டார் கரியாஹாட் வரை ஆள் அனுப்பியிருக்கிறார்கள்!”

பௌதி சங்கு ஊதினார். தலைமுறை தலைமுறையாகச் சைவம் காத்த குடும்பத்தின் தலைவி, மாடித் திருப்பத்தில் நின்று ஒரு மீனுக்கு ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தாள். அக்கா இன்னொரு கண்ணுக்கு மை எழுதிக்கொள்ள உள்ளே போனாள்.

இப்போது இந்தக் கதைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. கஸ்பாவில் பிஷி சொல்வதில் நான் மரியாதையின் சிகரம். எங்கள் வீட்டில் அம்மா சொல்வதில் நான் முழு முட்டாள். பிஷியின் வடிவம்தான் பரவலாகிவிட்டது. சென்ற மாதம் பிஷியிடமிருந்து நெதர்லாந்துக்குப் போன் வந்தது. “பாப்பாய்க்குக் கல்யாணம். பெண் வீட்டுக்கு மீனை நீதான் ஏந்திப் போக வேண்டும். அதன் சேலையை நான் கட்டிவிடுகிறேன், நீ அதில் கைவைக்காதே.”

உடனே விடுப்புக்கு விண்ணப்பித்தேன். காரணம் என்ற இடத்தில் உண்மையை எழுதினேன்: ‘குடும்ப மீனை ஏந்திச் செல்ல வேண்டும்.’ என் டச்சு மேலாளர் மெனக்கெட்டு என் மேசைக்கே வந்தார். மீனுக்கு உடம்பு சரியில்லையா, எவ்வளவு தூரம் போக வேண்டும், வேறு யாரும் இல்லையா என்று கவலையோடு ஒவ்வொன்றாக விசாரித்தார். பதில்களில் எதுவும் அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.