முத்தத்துக்கு டூப்

"அந்தக் கார் சீனை இன்னொரு தடவை போடு" என்றாள் அம்மா.

நடிகை காது கேளாதவள் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவே கைபேசியைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். கைபேசித் திரையில், வரப்போகிற படத்தின் டிரெய்லரில் மழை கொட்டியது. சூதாட்ட விடுதி முதலாளியின் மனைவி, அவருடைய கார் டிரைவர், பின் சீட்டில் ஒரு பெட்டி வைரம், டிக்கியில் முதலாளி. டிரைவர் ஒரு பெண். அதுதான் நடிகை. வைப்பர் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் முதலாளியின் மனைவியும் டிரைவரும் முத்தமிட்டுக்கொண்டார்கள்.

"இது நீதானே?"

"நடிப்புத்தானேம்மா" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் நடிகைக்கு வேறு பயம். மாடி அறையில் குடியிருக்கும் பெண்ணை அவள் காதலிக்கிறாள். அது வீட்டுக்குத் தெரியாமல் இத்தனை நாள் கட்டிக்காத்தாயிற்று. திரையில் ஆரம்பிக்கிற சந்தேகம் மாடிப்படி ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

"நான் இல்லம்மா. டூப்."

"முத்தத்துக்கு டூப்பா?"

"ஆமா. இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்கல."

"மூஞ்சி அப்படியே உன் மூஞ்சியா இருக்கே?"

"மேக்கப்பும்மா."

அப்பா செய்தித்தாளை ஒரு அங்குலம் இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார்.

அம்மா உச்சுக்கொட்டினாள். "பாவம், யார் பெத்த பொண்ணோ! நம்ம மானத்தைக் காப்பாத்தியிருக்கு. யாருடி அது?"

அந்த நேரம் பார்த்து மாடிக்காரி படியிறங்கி வந்தாள். முழங்கை வரை சிவப்பு. சினிமாவுக்கு ரத்தம் கலக்குவது அவள் தொழில். கத்திக்குத்துக்கு ஒரு பதம், துப்பாக்கிச் சூட்டுக்கு ஒரு பதம், மழையில் கரையாத ரத்தம் தனி. படப்பிடிப்பில் எல்லோரும் அவளை 'ரத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

நடிகைக்கு வேறு பெயர் வாயில் வரவில்லை. "இவதான்!" என்றாள்.

ரத்தம் ஒரே ஒருமுறை கண்ணைச் சிமிட்டினாள். அம்மாவின் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா. மழைத் தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு."

மாடியில் கதவைச் சாத்தியதும் கத்தல் ஆரம்பமானது.

"உன் ஹீரோயினுக்கு நீ முத்தம் குடுத்துட்டு, பழியை என் தலையில போடுறியா?"

"ஒரு வாரத்துல மறந்துடுவாங்க. எங்க அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அம்மா மறக்கவில்லை. மறுநாளே ஆரம்பித்தாள்.

"அந்தப் பொண்ணோட வாழ்க்கையை நினைச்சா தூக்கமே வரலடி. படம் வந்தா ஊரே பார்க்கும். நாளைக்கு யார் கட்டிப்பாங்க? நம்மளால வந்த வினை. நல்ல இடமாப் பார்த்து நானே முடிச்சு வைக்கப்போறேன்."

நடிகைக்குக் குடித்த காப்பி புரையேறியது.

"வேண்டாம்மா. அவ குறட்டை விடுவா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"இங்க வரைக்கும் கேக்குதே!"

அம்மா காதைத் தீட்டிக் கொஞ்சம் கேட்டாள். மாடி அமைதியாக இருந்தது. "சரி, சொல்லிடறேன். மறைச்சுக் கல்யாணம் பண்ணக் கூடாது."

இரண்டு நாள் கழித்து அம்மாவே செய்தி கொண்டுவந்தாள். குறட்டை பரவாயில்லையாம்.

"அவ மதியானம் பன்னெண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பா."

அதுவும் பரவாயில்லையாம்.

"கோபம் வந்தா சாமானைத் தூக்கி எறிவாம்மா!"

"கேட்டுட்டேன். அந்தப் பிள்ளைக்குக் குனிஞ்சு தப்பிக்கத் தெரியுமாம்."

தோழியின் மானத்தைத் தன் வாயாலேயே வாங்கியதுதான் மிச்சம். சம்பந்தம் மட்டும் நாளுக்கு நாள் உறுதியாகிக்கொண்டே போனது. யார், என்ன என்று கேட்டால், "உனக்கு எதுக்கு? நல்ல குடும்பம்" என்பதோடு அம்மா நிறுத்திக்கொண்டாள்.

இதற்கிடையில் படத்தின் முதல் காட்சி வந்தது. அம்மா தோழிகளோடு வருவதாக இருந்தாள். கெஞ்சிக் கூத்தாடித் தோழிகளைத் தடுத்தாள் நடிகை. அவர்களுக்குப் பதிலாக ரத்தத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள் அம்மா.

படம் ஓடியது. வைரம் களவு போனது. முதலாளியைக் கடலில் தள்ளியபோது அம்மா கைதட்டினாள். "நல்லா வேணும் அவனுக்கு!" முத்தக் காட்சி வந்ததும் அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. அம்மா மட்டும் ரத்தத்தின் தோளைத் தட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "நல்லாப் பண்ணியிருக்கேடி கண்ணு!" என்றாள். முன் வரிசை திரும்பிப் பார்த்தது. நடிகை இருக்கையில் வழிந்து கீழே போனாள்.

வெளியே இயக்குநர் நின்றிருந்தாள். இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போடுகிறவள். அம்மா நேராக அவளிடம் போனாள்.

"டூப்பெல்லாம் நல்லா அமைஞ்சிருக்கும்மா."

"டூப்பா? உங்க பொண்ணு மூணாவது மாடியிலேருந்து குதிச்சதுகூட டூப் இல்லாமத்தான்!"

நடிகை நடுவில் பாய்ந்தாள். "குதிச்சது நான்தாம்மா. முத்தத்துக்கு மட்டும்தான் டூப்."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ உயிர் போனா இன்சூரன்ஸ்காரனுக்குப் பரவாயில்லையா?"

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா அறிவித்தாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேசுறோம்."

நடிகை மாடிக்கு ஓடினாள். ரத்தம் நகத்துக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்னு சொல்லிடு!"

"அம்மா ஆசைப்படுறாங்க. வரட்டுமே. பேசினா என்ன குறைஞ்சா போயிடும்?"

"எவனோ ஒருத்தன் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவான். நான் பார்த்துட்டு நிக்கணுமா?"

"டூப் வேணும்னு கேட்டது நீதானே?" என்று நகத்தை ஊதினாள் ரத்தம்.

நடிகைக்கு அழுகை வந்தது. கேமரா முன்னால் கிளிசரின் இல்லாமல் வராத அழுகை.

ஞாயிற்றுக்கிழமை சோபாவின் உறை மாறியது. அப்பா தேய்த்த சட்டை போட்டிருந்தார், செய்தித்தாள் இல்லாமல். நடிகையும் நல்லதாக எதையாவது உடுத்த வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முதலில் வந்தது ரத்தத்தின் அக்கா. பஸ் டிரைவர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அப்படியே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா தேநீர் கொடுத்தாள். எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.

நடிகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள். ரத்தம் தலைகுனிந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

இனி தாங்காது. நடிகை எழுந்தாள்.

"அம்மா, வர்றவங்களை வாசலோட திருப்பி அனுப்பிடு."

"ஏன்டி?"

"டூப்பே கிடையாது. முத்தம் குடுத்தது நான்தான். அது நடிப்பு, அதை விடு. இது நடிப்பில்ல." ரத்தத்தின் கையைப் பிடித்தாள். "இவளை நான் காதலிக்கிறேன். இவ இல்லாம என்னால இருக்க முடியாது. திட்டணும்னா திட்டு, வீட்டை விட்டுப் போன்னா போயிடறேன். ஆனா இவளை வேற ஒருத்தருக்குக் குடுக்க விடமாட்டேன்."

நடிகையின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரத்தத்தின் அக்காவைப் பார்த்தார்.

அக்கா தேநீர்க் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தாள். நடிகையைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மாவிடம் திரும்பிச் சொன்னாள்:

"எங்களுக்குப் பூரண சம்மதங்க. ஆனா மாப்பிள்ளைக்கு என்ன இப்படி வேர்க்குது? யாராவது அந்த ஃபேனைப் போடுங்களேன்!"