ரேடியோ மேல் வைத்த கடிகாரம்

என் மைத்துனியின் கழுத்தில் ராகு காலத்தில் தாலி ஏறியதற்கு நான்தான் காரணம். எத்தனை முறை ஒப்புக்கொண்டாலும் வீட்டில் யாரும் மன்னிப்பதாக இல்லை.

அப்போது நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் தெருவின் முதல் ரேடியோ என்னுடையது. (அதன் பிறகு என் நடையே மாறிவிட்டது என்பாள் மனைவி.) "காத்துல வர்ற அலை. சுவரையும் துளைக்கும், நம்மளையும் துளைக்கும், ஒண்ணும் செய்யாது" என்று வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவேன். பள்ளியில் விஞ்ஞானத்தில் நான் வாங்கிய மார்க்கை இங்கே சொல்ல வேண்டாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாமனார் குடும்பத்தோடு, எங்கள் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து இறங்கினார். ரயில்வேக்காரர். அவருடைய சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் மணி திருத்துவார்கள். குளிக்கப் போகுமுன் அதை என்னிடம் கொடுத்தார். வீட்டில் மிகவும் கௌரவமான இடம் ரேடியோவின் தலைதானே? அங்கே வைத்தேன். உறவினர்கள் பாட்டுக் கேட்ட நேரமெல்லாம் அது அங்கேயே இருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ராகு காலம் முடிந்து, ஒன்பதுக்கு மேல் முகூர்த்தம். மாமனார் கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பது அஞ்சு! கட்டலாம்" என்றார். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. அரைமணி கழித்து, பந்தியில் இலை போடும்போது வெளியே மணிக்கூண்டு அடித்தது. எண்ணினோம். ஒன்பதுதான்.

"ராகு காலத்துலயா!" என்று மாமியார் சுவரில் சாய்ந்தார். மணப்பெண் மட்டும், "கட்டினது கட்டியாச்சு லா. அவுக்கவா முடியும்?" என்று இலை முன்னால் உட்கார்ந்தாள்.

மாமனார் கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். சூலியா தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் பாயிடம் ஓடினேன். அவர் ஒரு சின்னத் திசைகாட்டியைக் கடிகாரத்தின் அருகே கொண்டுபோனார். முள் பேய் பிடித்ததுபோல் சுழன்றது.

"காந்தம் ஏறியிருக்கு தம்பி. இதை எங்க வச்சீங்க?"

"ரேடியோ மேல, பாய்."

"அட, அது உள்ளாற பெரிய காந்தம் இருக்கு லா!"

அந்தக் காந்தத்தின் சக்தி மரப்பெட்டியைக் கடந்து, வெள்ளி மூடியைக் கடந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே போய், தலைமயிர் போன்ற சுருள்கம்பியைத் தொட்டு, நேரத்தையே முன்னால் தள்ளியிருக்கிறது! பாய் ஒரு மின்கம்பிச் சுருளுக்குள் கடிகாரத்தை நுழைத்து மெல்ல வெளியே இழுத்தார். மறுபடி திசைகாட்டியைக் காட்டினார். முள் சாதுவாக நின்றது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே ஒரு பயம். அந்த ரேடியோவில் காதை ஒட்டிக் கேட்கிறவன் நான்.

"என் தலைகிட்டயும் ஒரு தடவை காட்டுங்க பாய்."

காட்டினார். முள் அசையவில்லை.

"உள்ள ஒண்ணும் இல்ல தம்பி."

மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, கடிகாரம் மேல தப்பில்லையே?"

மைத்துனிக்கு இன்று ஐந்து பிள்ளைகள்; ராகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆனால் கல்யாண நாள் வந்தால் போதும், சகலை கூட்டத்துக்கு நடுவில் எழுந்து நின்றுவிடுவார்:

"சகலை, உங்க ரேடியோ மட்டும் இல்லன்னா இன்னும் அரைமணி நேரம் நான் பிரம்மச்சாரியா இருந்திருப்பேன் லா!"